முதற்படியில் நிற்பவனுக்கு மூத்தவனின் வாள்

கணனி விளையாட்டு உலகில் கால் நூற்றாண்டுக்கும் மேலாக ஒரு வழக்கு நடந்து வருகின்றது. வழக்காளிகள் பல இலட்சம் பேர்; நீதிபதி எவரும் இல்லை; தீர்ப்பும் வந்தபாடில்லை. இணையத்தின் வழியே ஆயிரக்கணக்கானோர் ஒரே வேளையில் கூடி விளையாடும் கற்பனை உலகங்களில், இன்று பிறந்த பலவீனமான பாத்திரம் ஒன்றின் கையில், நெடுநாள் ஆடித் தேர்ந்தவர்களுக்கே கிட்டக்கூடிய வாளையும் கவசத்தையும் கொடுத்துவிடலாமா? கொடுத்தால் அந்த விளையாட்டில் உள்ள சவால் செத்துவிடுமா? இதுவே வழக்கு. இவ்வாறு கொடுப்பதை அந்த உலகத்தவர் 'ருவிங்க்' செய்தல் என்பர்; பெற்றுக்கொண்ட பாத்திரத்தையும் 'ருவிங்க்' என்றே அழைப்பர்.

சின்னப் பிள்ளைகளின் சச்சரவு நமக்கெதற்கு என்று பக்கத்தைப் புரட்ட முனையும் பெற்றோர் சற்றுப் பொறுக்க வேண்டும். புலம்பெயர்ந்த நாடுகளில் நம் பிள்ளைகளிற் பலர் மாலைப் பொழுதைக் கழிக்கும் இடம் இவ்வுலகங்களே. அங்கே அவர்கள் என்ன தேடுகின்றார்கள், எதற்காகச் சில வேளைகளில் முகம் சிவக்க எழுந்து வருகின்றார்கள், பிறந்தநாளுக்கு உடுப்பு வேண்டாம் காசாகத் தாருங்கள் என்று ஏன் கேட்கின்றார்கள் என்பவற்றுக்கெல்லாம் இந்த வழக்கில் விடை கிடக்கின்றது.

அமைப்பை அறியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். இவ்வகை விளையாட்டில் ஒவ்வொருவரும் தமக்கென ஒரு பாத்திரத்தை உருவாக்கிக்கொள்கின்றனர். போர்வீரனாகலாம், மந்திரவாதியாகலாம், காயம் ஆற்றும் குருவாகலாம். பாத்திரம் முதலாம் நிலையில் தொடங்குகின்றது. எலியையும் வண்டையும் அடித்து அனுபவப் புள்ளி சேர்த்தால் இரண்டாம் நிலை, பின்னர் மூன்றாம் நிலை, இப்படியே ஐம்பது அறுபது என்று ஏற வேண்டும். ஏற ஏற எதிரிகளின் வலிமையும் ஏறும். அவர்களை வீழ்த்தினால் கிடைக்கும் ஆயுதமும் கவசமும் தரத்தில் உயரும். ஆகவே இங்கே ஒருவனின் ஆற்றல் இரண்டு ஏடுகளில் எழுதப்படுகின்றது. ஏறிய படி ஓர் ஏடு. உடம்பில் அணிந்திருப்பது மற்றோர் ஏடு. படியை ஒருவர் மற்றவருக்குக் கைமாற்ற முடியாது. அணிந்திருப்பதைக் கைமாற்றலாம். வழக்கின் வேர் இந்த இடத்தில்தான் இருக்கின்றது.

இந்த வேர் தொடக்கத்திலேயே இருந்ததன்று. 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் றோய் ட்ரப்ஷோ என்னும் மாணவர் எழுதத் தொடங்கி, றிச்சர்ட் பார்ட்டில் என்னும் மற்றொரு மாணவர் தொடர்ந்து வளர்த்த 'மட்' என்ற விளையாட்டே இவ்வுலகங்களின் மூதாதை. படம் கிடையாது, திரை முழுவதும் எழுத்து. அதில் புதையலைத் தேடி எடுத்தவன் அதைக் கொண்டுபோய்ச் சதுப்பு நிலத்தில் எறிந்தால்தான் புள்ளி. விளையாட்டை விட்டு வெளியேறினால் கையிலிருந்த பொருள் எதுவும் மறுநாளுக்குத் தங்காது. புள்ளி மட்டுமே தங்கும். சேர்த்துவைக்க முடியாத உலகில் தம்பிக்குக் கொடுக்க அண்ணனிடம் என்ன இருக்கும்?

பொருளை மறுநாளுக்கும் வைத்திருக்கும் வழக்கம் வேரூன்றியதில், டென்மார்க்கின் கொப்பன்ஹேகன் பல்கலைக்கழக மாணவர் சிலர் 1991இல் வெளியிட்ட 'டிக்கு மட்' என்ற விளையாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. நிலை, தொழில், கவசம் என்ற கட்டமைப்பைப் பின்வந்த விளையாட்டுகளிற் பல அங்கிருந்தே பெற்றன. 1999 மார்ச்சில் அமெரிக்காவில் வெளிவந்த எவர்குவெஸ்ற் அதனை எவ்வளவு ஒத்திருந்தது என்றால், டிக்கு மட்டின் நிரலை எடுத்துக் கையாளவில்லை என்று எவர்குவெஸ்ற்றை எழுதியவர்கள் 2000ஆம் ஆண்டில் சத்தியக் கடதாசி கொடுக்க நேர்ந்தது.

எவர்குவெஸ்ற் கடினமான விளையாட்டு. இன்றைய இளைஞர்களுக்கு அதன் கடுமையை விளக்குவது, மண்ணெண்ணெய் விளக்கில் படித்த கதையை அவர்களுக்குச் சொல்வது போன்றது. ஒரு பாத்திரம் இறந்தால் அது பாடுபட்டுச் சேர்த்த அனுபவத்தில் ஒரு பகுதி பறிபோகும். அதுமட்டுமன்று. உடைமை அனைத்தும் பிணத்தோடு இறந்த இடத்திலேயே கிடக்கும். வெறும் உடம்போடு வேறோர் ஊரில் எழுந்து, முன்னர் கொன்ற அதே அரக்கர்களின் நடுவே நுழைந்து, தன் பிணத்தைத் தானே தேடி எடுத்தாக வேண்டும். குறித்த காலத்துக்குள் எடுக்காவிட்டால் பிணம் அழுகிப் போகும். உடைமையும் அதனோடு போகும். ஒரு சண்டைக்குப் பின் காயம் ஆறுவதற்காகப் பல நிமிடங்கள் நிலத்தில் அமர்ந்திருக்க வேண்டும். போர்வீரன் போன்றவர்களால் தனியாகச் சமாளிக்கவே இயலாது. ஆகையால் முன்பின் அறியாதவர்கள் கூட்டுச் சேர்ந்தனர். அமர்ந்திருந்த அந்த நிமிடங்களில் பேசிக்கொண்டனர். அக்காலத்தில் விளையாடியவர்களிற் பலர் இன்றும் நினைவுகூர்வது அரக்கர்களை அன்று, அந்தப் பேச்சையே.

இவ்வாறான உலகில் ஒரு மேலங்கி வந்து விழுந்தது. 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளிவந்த 'குனார்க்' என்ற விரிவாக்கத்தில், செபிலிஸ் என்னும் பாழடைந்த நகரின் அடியில் ஒரு காளான் அரசன் இருந்தான். உயர்நிலை வீரர்கள் கூடி அவனைக் கொன்றால் சில வேளை காளான் படர்ந்த செதிற் சட்டை ஒன்று கிடைக்கும். அதை அணிந்தவரின் காயம் தானாக ஆறும்: விளையாட்டின் ஒரு துடிப்புக்கு 15 உயிர்ப் புள்ளிகள். ஒரு துடிப்பு என்பது 6 விநாடி. கணக்கிட்டுப் பாருங்கள்: நிமிடத்துக்கு 150 புள்ளிகள். முதல் நிலையில் நிற்கும் சாதாரண பாத்திரத்துக்கு ஒரு துடிப்பில் ஒன்றிரண்டு புள்ளிகளே ஊறும். அதன் முழு உயிரும் சில பத்துப் புள்ளிகளைத் தாண்டாது. அச்சட்டையை அணிய நிலைக் கட்டுப்பாடு எதுவும் இருக்கவில்லை. கைமாற்றவும் தடை இல்லை. அதனை அணிந்த புதுப் பாத்திரத்தின் மேல் ஓர் எலி நாள் முழுவதும் பல்லைப் பதித்துக்கொண்டிருந்தாலும் பயன் இல்லை. எதிரி அடிக்கும் வேகத்தை விடக் காயம் ஆறும் வேகம் கூடிவிட்டால், அங்கே சண்டை என்ற சொல்லுக்கே பொருள் இல்லாமற் போகின்றது.

கிழக்குப் பொதுநிலம் என்ற பகுதியில் இருந்த ஒரு சுரங்கப் பாதையில் விளையாடுவோர் தாமாகவே கூடிச் சந்தை நடத்தினர். இத்தகைய சட்டைகளும் வாள்களும் அங்கே ஓயாமற் கைமாறின. அவற்றை வாங்கியவர்களிற் கணிசமானோர், உயர்நிலையை எட்டியபின் இரண்டாவது பாத்திரம் ஒன்றைத் தொடங்கி அதற்கு அணிவிப்பதற்காக வாங்கிய பழையவர்கள்.

அவர்கள் தரப்பு நியாயத்தை முதலிற் கேட்போம். அது இலேசாகத் தள்ளிவிடக் கூடியதன்று. "நான் ஒருமுறை எலி அடித்துவிட்டேன்; ஓர் ஆண்டு முழுவதும் நிலத்தில் அமர்ந்து காயம் ஆற்றிவிட்டேன்; இரண்டாம் முறையும் அதையே செய் என்று ஏன் என்னை வதைக்கின்றீர்கள்?" என்பதே அவர்களின் கேள்வி. நீண்டகாலம் விரிவுரை மண்டபங்களில் நின்றவன் என்ற முறையில் எனக்கு இதில் உடன்பாடு உண்டு. ஒரே வினாத்தாளை இரண்டாம் முறை எழுதுபவனுக்கு அது பரீட்சை அன்று. எந்த அரக்கன் எங்கே நிற்பான், எவன் கூட்டாளிகளைக் கூவி அழைப்பான், எப்போது ஓட வேண்டும் என்பவற்றைக் கற்பதே சவாலின் பெரும்பகுதி. அதைக் கற்று முடித்தவனுக்குப் பழைய வாளைக் கொடுத்தாலும் புதிய வாளைக் கொடுத்தாலும் மீந்திருப்பது நேரச் செலவு மட்டுமே. நேரம் செல்வதைச் சவால் என்று தவறாகப் பெயரிடும் பழக்கம் விளையாட்டுகளை உருவாக்குவோரிடம் உண்டு. மாதச் சந்தா வாங்குபவர்கள் அல்லவா!

இன்னொன்றும் உண்டு. எல்லாத் தொழிலும் கவசத்தை ஒரே அளவில் நம்பியிருக்கவில்லை. பிணங்களை ஏவும் மந்திரவாதி கந்தலோடு புறப்பட்டாலும் தனியே உச்சிவரை ஏறிவிடுவான். அவனுக்கு மந்திரமே ஆயுதம். போர்வீரனுக்கோ கையிலும் மார்பிலும் உள்ளதே சகலமும். அவனுக்கு நல்ல வாள் கொடுப்பது சலுகையா, அமைப்பின் பாரபட்சத்தைச் சமன் செய்வதா என்று கேட்டவர்களும் இருந்தனர்.

ஆனால் இந்த நியாயமெல்லாம் பழையவனைப் பற்றியது. இதே வாளைப் புதியவன் பெறும்போது கதை வேறு.

எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் ரொறன்ரோவில் வளர்ந்தவர். அவருடைய சித்தப்பாவின் மகன் சுவிற்சர்லாந்தில் இருக்கின்றான். இருவரும் நேரிற் கண்டது ஒரு கலியாண வீட்டில், இரண்டு நாட்கள் மட்டுமே. தொலைபேசியிற் பேசத் தொடங்கினால் "எப்படி இருக்கிறாய்", "இருக்கிறன்" என்பதோடு பேச்சு வற்றிப்போகும். அதற்கு மாற்றாக, தான் விளையாடும் உலகத்துக்கு இளையவனை மூத்தவர் அழைத்தார். அன்பு மிகுதியால், அவன் வந்த முதல் நாளே தன் களஞ்சியத்தில் இருந்த மிகச்சிறந்த கவசம், மோதிரம், வாள், செலவுக்குப் பொற்காசு அனைத்தையும் அனுப்பிவைத்தார். இளையவன் இரண்டு கிழமைக்குள் விட்டுவிட்டான். காரணம் கேட்டதற்கு, "அண்ணை, நான் தொட்டாலே எல்லாம் செத்துப் போகுது. இதுக்குள்ள எனக்கு என்ன வேலை?" என்றானாம்.

அந்தப் பிள்ளை கேட்டதைக் காட்டிலும் தெளிவாக எந்த நிபுணரும் இதைக் கூறியதாக நான் அறியேன். புதியவனுக்கு முதற் பத்து நிலைகள் தடை அல்ல, அவையே விளையாட்டு. வெளவாலிடம் தோற்று, அடுத்த முறை வென்று, பழைய வாளை விற்றுச் சற்று நல்ல வாளை வாங்கும்போது கிடைக்கும் மகிழ்ச்சிக்கு வாளின் பெறுமதி காரணம் அன்று, முன்னைய வாளின் மொட்டை காரணம். எல்லாவற்றையும் முதல் நாளே பெற்றவன் அடுத்த நாற்பது நிலைகளுக்கு வழியில் காணும் எந்தப் பொருளையும் குனிந்து எடுக்க மாட்டான். மூத்தவர் பிறகு என்ன செய்தார் தெரியுமா? தானும் வெறுங்கையோடு ஒரு புதுப் பாத்திரம் தொடங்கி, தம்பியோடு சேர்ந்து எலி அடித்தார். இருவரும் இப்போது நிறையப் பேசுகின்றார்கள்.

கொடுப்பவனும் பெறுபவனும் இப்படியிருக்க, மூன்றாம் ஆள் ஒருவன் இருக்கின்றான். வாதிடுவோர் பெரும்பாலும் மறந்துவிடுவது அவனைத்தான். எவர்குவெஸ்ற்றில் அரக்கர்கள் எண்ணிக்கைக்கு உட்பட்டவர்கள். கொல்லப்பட்டவன் மீண்டும் தோன்றச் சில நிமிடங்கள் ஆகும். ஓர்க் அரக்கர்களின் பாசறையான 'குறஷ்போன்' போன்ற இடங்களில் ஐந்தாறு புதியவர்கள் கூடி ஒரு மூலையைப் பிடித்து, பயந்து பயந்து ஒவ்வொன்றாக இழுத்து அடித்துக்கொண்டிருப்பர். அங்கே மின்னும் வாளோடு வரும் ஒரு ருவிங்க் தனியாளாகப் பாசறை முழுவதையும் துடைத்துவிட்டுப் போவான். அதிக காயம் விளைவித்தவனுக்கே அனுபவப் புள்ளி என்பது விதி. ஆகவே அந்த ஐவரும் வெறுமனே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ருவிங்க் செய்தவன் தன் சவாலைக் கெடுத்துக்கொள்வது அவன் சொந்த விடயம். தனியாள் விளையாட்டாயின் அத்தோடு வழக்கு முடிந்திருக்கும். பகிர்ந்து வாழும் உலகில் அவன் பிறருடைய வாய்ப்பையும் உண்கின்றான். வந்த இடத்தில் உறவினர் எவரும் இல்லாமல், கையில் ஒன்றும் இல்லாமல், வரிசையில் நிற்பவனின் நிலை எப்படியிருக்கும் என்பதை இப்பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

நேர்மையாக மறுபக்கத்தையும் கூற வேண்டும். பழையவர்கள் தங்கள் குட்டிப் பாத்திரங்களுக்காகத் தாழ்நிலைப் பொருட்களைப் போட்டிபோட்டு வாங்கியதால், அத்தகைய அரிய பொருள் ஒன்றைத் தற்செயலாகக் கண்டெடுத்த புதியவன் ஒரே நாளிற் செல்வந்தனாகிய சம்பவங்களும் உண்டு. பின்னாளில் வந்த வேர்ல்ட் ஒவ் வோர்கிராப்ற் விளையாட்டின் ஏலச் சந்தையில் இதைத் தெளிவாகக் காணலாம். 19ஆம் நிலைக்குரிய நல்ல குறுவாள் ஒன்று, அந்நிலையில் இருப்பவனால் கனவிலும் எண்ண முடியாத விலைக்குப் போகும். அதை அவன் பயன்படுத்த முடியாது, விற்கத்தான் முடியும் என்பது அதன் மறுபுறம்.

இதற்குள் மெய்யான பணமும் நுழைந்துவிட்டது. எட்வேர்ட் காஸ்ட்ரொனோவா என்ற அமெரிக்கப் பொருளியலாளர் எவர்குவெஸ்ற் உலகமாகிய நொராத்தை ஒரு நாடாகக் கொண்டு கணக்கிட்டார். அங்கே ஒரு மணி நேர உழைப்பின் பெறுமதி 3.42 அமெரிக்க டொலர். தலா தேசிய உற்பத்தி ஆண்டுக்கு 2,266 டொலர், அதாவது ரஷ்யாவுக்கும் பல்கேரியாவுக்கும் இடைப்பட்ட அளவு என்று 2001இன் இறுதியில் வெளியான கட்டுரையில் அவர் எழுதினார். கற்பனை வாளை மெய்யான டொலருக்கு விற்கும் ஏலங்கள் ஈபே தளத்தில் நிறைந்திருந்தன. சோனி நிறுவனம் முறையிட்டதையடுத்து 2001 ஜனவரியில் எவர்குவெஸ்ற் பொருட்களை ஈபே அகற்றியது. அண்ணன் தம்பிக்குக் கொடுத்த வாள் என்ற கதையில் இப்போது கடைக்காரனும் வந்து சேர்ந்துகொண்டான்.

விளையாட்டை உருவாக்குவோர் சட்டம் இயற்றத் தொடங்கினர். இன்ன நிலைக்குக் கீழே அணிய முடியாது என்பது ஒரு சட்டம். ஒருமுறை அணிந்தால் அணிந்தவனோடு ஒட்டிக்கொள்ளும், பின்னர் கைமாற்ற முடியாது என்பது மற்றொன்று. எடுத்தவுடனேயே எடுத்தவனோடு பிணைக்கப்படும் என்பது இன்னும் கடுமையானது. 2004 நவம்பரில் பிளிசார்ட் நிறுவனம் வெளியிட்ட வேர்ல்ட் ஒவ் வோர்கிராப்ற் இவை மூன்றையும் ஒழுங்காகக் கையாண்டது. அத்தோடு ருவிங்க் ஒழிந்தது என்று எண்ணினால், மனித இயல்பை அறியாதவர்களாவோம்.

2005இல் அவ்விளையாட்டில் போர்க்களங்கள் சேர்க்கப்பட்டன. அரக்கரோடு அன்றி, ஆட்களோடு ஆட்கள் மோதும் இடம் அது. அவற்றுள் ஒன்றில் பத்துக்குப் பத்துப் பேர். எதிரணியின் கொடியை மும்முறை கைப்பற்றினால் வெற்றி. நிலை வேறுபாடு பெரிதாகிவிடாதிருக்க 10 முதல் 19 வரை ஒரு பிரிவு, 20 முதல் 29 வரை அடுத்த பிரிவு என்று வகுத்திருந்தனர். பழையவர்கள் இதில் ஓர் இடுக்கைக் கண்டுபிடித்தனர். வாளுக்கு நிலைக் கட்டுப்பாடு இருந்தது. வாளின்மேல் ஏற்றும் மந்திரத்துக்கு இருக்கவில்லை. உச்சநிலை வித்தகர்கள் உச்சநிலை வீரருக்கென ஏற்றும் மந்திரத்தை 19ஆம் நிலை வாளிலும் ஏற்றலாம். அவற்றுள் ஒன்று, தாக்கும்போது இடையிடையே 15 விநாடிகளுக்கு வலிமையை 100 புள்ளிகளால் உயர்த்தும். அறுபதாம் நிலையில் அது நல்ல உதவி. பத்தொன்பதாம் நிலையில் அது பீரங்கி. இவ்வாறு தலை முதல் கால் வரை மந்திரம் ஏற்றிய பாத்திரத்தை 20ஆம் நிலைக்கு ஏறவிடாமல், 19இலேயே மாதக்கணக்கில் நிறுத்திவைத்துக் களத்தில் இறக்கினர். 10ஆம் நிலையில் ஆவலோடு முதன்முறை களத்துக்கு வந்தவன் இரண்டடியில் வீழ்வான், எழுவான், மீண்டும் இரண்டடியில் வீழ்வான்.

தங்களுக்குச் சவால்தான் வேண்டும், சமமான ஆயுதத்தோடு சமமானவரை எதிர்க்கும் நுட்பத்துக்காகவே இதனைச் செய்கின்றோம் என்று ருவிங்க் ஆடுவோர் வாதிட்டனர். அவர்களிற் சிலர் இதை மெய்யாகவே கருதினர்; தமக்குள் நாள் குறித்து அணி அணியாக மோதியவர்களும் இருந்தனர். மற்றவர்களின் கூற்று 2009 ஓகஸ்ட்டில் பரிசோதனைக்கு உள்ளாயிற்று. அம்மாதம் வெளியான திருத்தத்தின்படி போர்க்களத்திலும் அனுபவப் புள்ளி சேரலாயிற்று. ஆகவே களத்தில் ஆடுபவன் தானாக மேலே ஏறிவிடுவான். ஏற விரும்பாதவன் 10 பொற்காசு கொடுத்துத் தன் அனுபவத்தை நிறுத்திவைக்கலாம். ஆனால் அப்படி நிறுத்தியவர்கள் தம்மைப் போல் நிறுத்தியவர்களோடு மட்டுமே இனி மோத முடியும். கேட்ட வரம் அப்படியே கிடைத்தது: சமமானவர்கள் மட்டும் உள்ள களம்! நடந்தது என்ன? பல இடங்களில் களம் தொடங்கவே ஆள் சேரவில்லை. நெடுநேரம் காத்திருந்து கலைந்தனர். இரண்டடியில் வீழ்பவன் இல்லாத களத்தில் பலருக்கு ஆர்வம் இருக்கவில்லை என்பதை அந்தக் காலி வரிசைகள் காட்டிவிட்டன. இவ்வழக்கில் இதனைவிட வலுவான சாட்சியம் வேறு இல்லை என்பதே எனது எண்ணம்.

வேடிக்கை என்னவென்றால், ஒரு கையால் தடுத்த நிறுவனம் மறு கையால் அதையே வழங்கத் தொடங்கியிருந்தது. 2008 நவம்பரில் வந்த விரிவாக்கத்தில் 'பரம்பரைச் சொத்து' என்ற புதுவகைக் கவசங்கள் அறிமுகமாயின. உச்சநிலைப் பாத்திரம் சம்பாதித்து வாங்கி, அதே கணக்கில் உள்ள தன் இளைய பாத்திரத்துக்கு அனுப்பலாம். அணிந்தவன் வளர வளரக் கவசமும் வளரும். சில பொருட்கள் அனுபவப் புள்ளியையும் நூற்றுக்குப் பத்து வீதம் கூட்டித் தந்தன. அரசாங்கமே சாராயக் கடை திறந்தது போல என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. விளைவு சில ஆண்டுகளிலேயே தெரிந்தது. ஒரு நாட்டின் கதையை அரைகுறையாகக் கேட்டு முடிப்பதற்குள் பாத்திரம் அந்நாட்டைக் கடந்து வளர்ந்துவிடும். கலைஞர்கள் பாடுபட்டு வரைந்த ஊர்கள் வெறிச்சோடின. 2018 ஜனவரியில், ஏறுபவனோடு சேர்ந்து அரக்கர்களும் வலுப்பெறும் வகையில் பழைய நிலங்களை மாற்றியமைத்தனர். 2020இல் பரம்பரைச் சொத்தின் அனுபவச் சலுகையை நீக்கினர்.

படியைக் கைமாற்ற முடியாது என்று மேலே எழுதினேன். அதுவும் முற்றாக நிலைக்கவில்லை. 2014இல் அதே நிறுவனம், ஒரு பாத்திரத்தை நேரடியாக 90ஆம் நிலைக்கு உயர்த்தும் சேவையை 60 அமெரிக்க டொலருக்கு விற்கத் தொடங்கிற்று. அடுத்த ஆண்டு, டொலர் கொடுத்து வாங்கி விளையாட்டினுள் பொற்காசாக மாற்றிக்கொள்ளும் வில்லையையும் வெளியிட்டது. நம் வீட்டுப் பிள்ளை பிறந்தநாட் காசு கேட்கும்போது அது எங்கே போகின்றது என்று அறிய விரும்பும் பெற்றோர் இதைக் குறித்துக்கொள்ளலாம். அனுமதி பெறாத வெளியாரிடம் பொற்காசு வாங்கினால் நிறுவனம் கணக்கையே மூடிவிடக் கூடும் என்பதையும் பிள்ளைக்கு நினைவூட்டுவது நல்லது.

வேறு வழியே இல்லையா என்றால், உண்டு, பலரும் கண்டுபிடித்திருக்கின்றார்கள். அண்ணனுக்குத் தம்பியோடு சேர்ந்து ஆட வேண்டும், அவ்வளவுதானே? 2004இல் வந்த 'சிற்றி ஒவ் ஹீறோஸ்' என்ற விளையாட்டு, வாளைக் கொடுப்பதற்குப் பதிலாகத் தோளைக் கொடுக்க வழி செய்தது. உயர்நிலை நண்பன் அருகில் இருக்கும்வரை தாழ்நிலை நண்பனின் ஆற்றல் அவனுக்கு ஒரு படி கீழே வரை உயர்ந்திருக்கும். பிரிந்தால் பழைய நிலை. 2012இல் அவ்விளையாட்டு மூடப்பட்டது. ஆனால் அந்த எண்ணம் மூடப்படவில்லை. அதே ஆண்டில் வந்த 'கில்ட் வோர்ஸ் 2' எதிர்த்திசையில் நடந்தது: உச்சநிலை வீரன் சிற்றூருக்குள் நுழைந்தால் அவன் ஆற்றல் அவ்வூருக்கு ஏற்பக் குறைக்கப்படும். 2013இல் புத்துருவம் பெற்ற யப்பானிய விளையாட்டான 'பைனல் பன்ரசி 14'உம் பல நிலவறைகளில் இவ்வாறே செய்கின்றது. மூத்தவன் குனிந்து நுழைய வேண்டிய வாசல் என்று இதைக் கூறலாம். என் மனம் இந்தத் திசைக்கே சாய்கின்றது. பாத்திரத்தின் உடைமையைக் கைமாற்றாமலே மூத்தவனின் துணையை இளையவன் பெறுகின்றான்; மூன்றாம் ஆளின் வரிசையும் குலைவதில்லை.

இவற்றிலெல்லாம் எனக்கு மிகவும் வியப்பளித்தது, விளையாடுவோர் தாமே கேட்டுப் பெற்ற கட்டுப்பாடு. 2014 ஒக்டோபரில் 'ரூண்ஸ்கேப்' விளையாட்டில் 'இரும்பு மனிதன்' என்ற முறை வந்தது. அதனைத் தெரிவு செய்தவன் பிறரிடம் எதையும் வாங்கவும் முடியாது, பெறவும் முடியாது. தன் வாளைத் தானே தேட வேண்டும், தன் கஞ்சியைத் தானே காய்ச்ச வேண்டும். பெயருக்கு அருகே ஒரு சிறு தலைக்கவசச் சின்னம் தெரியும், அவ்வளவுதான் சலுகை. ஆயினும் பெருந்தொகையானோர் அதிலே சேர்ந்தனர். வேர்ல்ட் ஒவ் வோர்கிராப்ற் நிறுவனத்தாரும் தம் பழைய வடிவத்தை 2019இல் மீண்டும் திறந்து, 2023 ஓகஸ்ட்டில் ஒருமுறை இறந்தால் பாத்திரம் மீளாது என்ற கடும் விதியோடு தனி உலகங்களை அமைத்தனர். 2024இல் அதற்குள்ளும் ஒரு படி சென்று, ஏலச் சந்தையும் பிறரோடு பண்டமாற்றும் அறவே இல்லாத முறையைச் சேர்த்தனர். ஒருவரும் வற்புறுத்தவில்லை. சந்தையும் நண்பரும் பக்கத்திலேயே இருக்கின்றன. வேண்டாம் என்று ஒப்பமிட்டுவிட்டு வெறுங்கையோடு உள்ளே போகின்றார்கள். அப்படிப் போகின்றவர்களிற் பலர், ஒரு காலத்தில் தம் குட்டிப் பாத்திரங்களுக்குத் தலை முதல் கால் வரை மந்திரம் ஏற்றி அனுப்பிய அதே பழையவர்கள்.